பரங்கிமலை: சென்னைக்கு முன்பே இருந்த புறநகர்

ஆலந்தூர் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "எதிரே தெரியும் பரங்கிமலையில் ஒரு சர்ச், கீழே ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதானா? இந்த இடத்துக்கென்று தனியாக வரலாறு உண்டா, இல்லை சென்னை வளர்ந்து வளர்ந்து விழுங்கிய இன்னொரு கிராமம்தானா?"

சென்னை விழுங்கிய கிராமம் என்பது ஆதம்பாக்கத்துக்கும் நங்கநல்லூருக்கும் பொருந்தும். பரங்கிமலைக்குப் பொருந்தாது. 1639-ல் ஆங்கிலேயர் கடற்கரை மணலில் கோட்டைக்கு இடம் வாங்கியபோது, இந்த மலை உச்சியில் போர்த்துக்கீசியர் எழுப்பிய தேவாலயத்துக்கு நூறு வயது தாண்டியிருந்தது. சென்னையின் முதுகெலும்பாக இருக்கும் அண்ணா சாலையை இன்னமும் பாதிப் பேர் மவுண்ட் ரோடு என்றுதான் சொல்கிறார்கள், அந்த மவுண்ட் இந்த மலைதான். கோட்டையிலிருந்து இங்கே வருவதற்கான வழியாக இருந்த பாதையின் இரு பக்கமும் பிறகு நகரம் வளர்ந்தது. அதாவது நகரம் வந்து இந்தப் புறநகரைத் தொடுவதற்கு ரொம்ப முன்னாடியே நகரத்து ஆட்கள் இங்கே வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

ஏன் இங்கே? உயரம் 300 அடிதான். கொடைக்கானலையும் ஏற்காட்டையும் பார்த்தவர்களுக்கு இதை மலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் கடலோரத்தில் மைல் கணக்கில் தட்டையாகக் கிடக்கும் நிலத்தில் இந்த 300 அடி பெரிய விஷயம். துறவி, சிப்பாய், நில அளவையாளர் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இதைத் தேடி வந்ததற்குக் காரணம் அதுதான். இந்த இடத்தின் வரலாறு முழுக்க அந்த மேட்டைச் சுற்றியே நடந்திருக்கிறது என்பது என் புரிதல்.

முதலில் பாறையைச் சொல்லிவிடுகிறேன். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகளில் இருப்பது சார்னோக்கைட் என்ற கருநீலம் கலந்த கடினமான பாறை, வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். உலகத்தின் புவியியல் பாடப்புத்தகங்களில் இந்தப் பாறைக்கு மாதிரி இடமாகக் குறிப்பிடப்படுவது நம்முடைய இந்தப் பகுதிதான். கொல்கத்தாவைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் 1690-களில் இறந்தபோது அவர் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இருநூறு ஆண்டுகள் கழித்து தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லும் இந்தக் குன்றுகளின் கல்லும் ஒன்றே என்று கண்டு, சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவும் அறிவித்திருக்கிறது. அப்புறம் இன்னொன்று. 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் பல்லாவரத்தில், மைதானத்தை ஒட்டிய ஒரு சரளைக்கல் குழியில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் ஆதிமனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். இங்கிருந்து ரயிலில் நான்கு நிலையம் தள்ளி இருக்கிற இடம். அதே பல்லாவரத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயிலும் இருக்கிறது, இப்போது அது தர்கா.

சரி, மலைக்கு வருவோம். இயேசுவின் சீடர்களில் ஒருவரான தோமா இங்கே கி.பி. 72-ல் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. சைதாப்பேட்டையில் உள்ள சின்னமலையில் ஒளிந்திருந்தார், பெரிய மலையில் உயிர்விட்டார், மயிலாப்பூர் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார் என்று மூன்று இடங்களையும் சேர்த்துத்தான் அந்த மரபு பேசுகிறது. இதை வரலாற்று உண்மை என்று நிறுவும் முதல் நூற்றாண்டுச் சான்று எதுவும் இங்கே கிடைக்கவில்லை. அதற்காக மொத்தமும் போர்த்துக்கீசியர் கட்டிவிட்ட கதை என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. காரணம் மலைமேல் இருக்கும் கற்சிலுவை.

போர்த்துக்கீசியர் 1523-ல் உச்சியில் வழிபாட்டிடம் எழுப்பினார்கள். 1547-ல் அங்கே அஸ்திவாரம் தோண்டும்போது, பூ வேலைப்பாடுகளோடு சிலுவை செதுக்கிய ஒரு கல் கிடைத்தது. அதைச் சுற்றி வளைவாக எழுத்துகள். அவை தமிழோ லத்தீனோ சிரியாக்கோ இல்லை, பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. 19-ஆம் நூற்றாண்டில் பர்னெல் என்ற அறிஞர் இதைப் படிக்க முயன்றார், அவருக்குப் பிறகு வந்தவர்கள் வேறு வேறு விதமாகப் படித்தார்கள், வாசகத்தில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் எழுத்தின் வடிவத்தை வைத்து ஏழு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் உள்ளது என்று பலரும் ஏற்கிறார்கள். கேரளத்தில் கோட்டயத்திலும் இதே வகைச் சிலுவைகள் உண்டு. ஆக, போர்த்துக்கீசியர் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பாரசீகத்தோடு தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் குன்றின் மேல் கும்பிட்டிருக்கிறார்கள். பல்லவர் காலத்திலோ அதை ஒட்டியோ இருக்கலாம் என்று நினைக்கும்போதே மனசு விரிகிறது. ஒரு பக்கம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை, கூப்பிடு தூரத்துக் குன்றில் பஹ்லவி எழுத்தோடு சிலுவை. தமிழகக் கடற்கரைக்கு யாரெல்லாம் வந்துபோனார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரிந்து சென்னையில் வேறு இல்லை.

அந்தச் சிலுவையில் 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது இரத்தம் கசிந்தது என்றும், 1704 வரை அவ்வப்போது அப்படி நடந்தது என்றும் நம்பிக்கை. அதனால்தான் அதற்கு இரத்தச் சிலுவை என்று பெயர், டிசம்பர் 18-ல் மலைத் திருவிழாவும் அதை ஒட்டித்தான். 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்தார். இன்று படியேறுபவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நிறைய, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு இறங்குவார்கள்.

படி என்றதும் அதைக் கட்டியவரைச் சொல்லாமல் போக முடியாது. கோஜா பெட்ரஸ் உஸ்கான், ஆர்மீனிய வணிகர், பாரசீகத்தின் ஜுல்ஃபாவைச் சேர்ந்த குடும்பம். மதராஸில் பெரும் பணம் சம்பாதித்தார், சம்பாதித்ததை இந்த வழித்தடத்தில் செலவழித்தார். மலைக்குப் போகும் பக்தர்கள் அடையாற்றைக் கடக்கத் தவிக்கிறார்களே என்று 1726-ல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார், மர்மலாங் பாலம். அது 240 வருடம் நின்றது. 1960-களில் அதை எடுத்துவிட்டுக் கட்டியதுதான் இப்போதைய மறைமலை அடிகள் பாலம். மலை ஏறுவதற்குக் கற்படிகளும் அவர் கொடையே. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தபோது தங்கள் பக்கம் வரச்சொல்லி அழைத்தும் போகாமல் சொத்தை இழந்தவர். 1751-ல் இறந்தார், உடல் வேப்பேரியில், இதயத்தை மட்டும் அவர் விருப்பப்படி ஜுல்ஃபாவுக்கு எடுத்துப் போனார்கள். தினமும் லட்சக்கணக்கானவர்கள் கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே அந்த ஆற்றைக் கடக்கிறோம். இவர் பெயர் பள்ளிப் பாடத்தில் ஒரு வரி வந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

பக்திக்கு ஏற்ற உயரம் பட்டாளத்துக்கும் ஏற்றது. 1758 கடைசியில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மதராஸ் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைக்குள்ளே இருந்தவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்ததற்கு முக்கியக் காரணம், வெளியே செங்கல்பட்டுப் பக்கமிருந்து பிரெஞ்சுக்காரர்களை விடாமல் குடைந்துகொண்டிருந்த ஒரு படை. அதில் மருதநாயகம் என்று நாம் அறியும் யூசுப் கானும் அவருடைய சிப்பாய்களும் இருந்தார்கள். 1759 பிப்ரவரியில் பரங்கிமலை அடிவாரத்தில் நடந்த சண்டையில் பிரெஞ்சுக்காரர்களால் இவர்களை விரட்ட முடியவில்லை, அதே மாதம் முற்றுகையும் கலைந்தது. பத்து வருடம் கழித்து ஐதர் அலி. 1769-ல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை எங்கோ தெற்கே அலையவிட்டு, தன் குதிரைப்படையோடு நேரே பரங்கிமலை வரை வந்து நின்றுவிட்டார். கோட்டையில் இருந்தவர்கள் அவர் கேட்டபடி ஒப்பந்தத்துக்கு இறங்கிவர வேண்டியதாயிற்று.

இந்த இரண்டு அனுபவமும் இருக்கும்போது 1774-ல் மதராஸ் பீரங்கிப்படையின் தலைமையிடம் இங்கே வந்ததில் ஆச்சரியமே இல்லை. பரங்கிமலையின் இன்றைய குணத்தைத் தீர்மானித்த ஆண்டு என்று ஒன்றைக் கேட்டால் நான் 1774 என்றுதான் சொல்வேன். கண்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்பு, அணிவகுப்பு மைதானங்கள், அதிகாரிகளின் பெரிய பெரிய தோட்ட பங்களாக்கள், இராணுவத்தாருக்கான ஆங்கிலிக்கன் தேவாலயம், சுடும் பயிற்சிக்கான இடம் எல்லாம் அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் அமைந்தன. பட் ரோடு என்று பேருந்து நிறுத்தம் இருக்கிறதே, அந்தச் சுடும் பயிற்சி இடத்தின் பெயர்தான் அது. மலையடிவாரத்தில் உள்ள அந்தப் பட்டாளத்துத் தேவாலயத்தில், வெயிலிலும் காய்ச்சலிலும் போரிலும் செத்துப்போன இளம் அதிகாரிகளின் நினைவுக்கற்கள் சுவர் முழுக்க இருக்கின்றன.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் பகுதிக்கு வருகிறேன். வில்லியம் லாம்டன். திப்பு வீழ்ந்த பிறகு கிடைத்த பெரும் நிலப்பரப்பை அளக்க வேண்டும், அதுவும் பூமியின் வளைவையும் கணக்கில் எடுத்து அளக்க வேண்டும் என்று கம்பெனியிடம் கேட்டு அனுமதி வாங்கிய அதிகாரி. முக்கோணங்களாக நாட்டை அளப்பதற்கு முதல் முக்கோணத்தின் ஒரு பக்கத்தையாவது தரையில் கையால் துல்லியமாக அளந்தாக வேண்டும், மீதியெல்லாம் கோணங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த முதல் கோட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கிப் போகும் சமவெளி, நீளம் ஏழரை மைல். 1802 ஏப்ரல் 10 அன்று தொடங்கினார்கள். அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால், இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள். சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய் அங்கே ஏற்கப்படாமல் திரும்பிய பொருட்களில் ஒன்று அது. வெயிலில் எஃகு நீளும், ஒரு அங்குலத்தின் மிகச் சிறு பகுதி நீண்டாலும் கணக்கு கெடும். அதனால் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து, நிழல் கட்டி, வெப்பமானி வைத்து வைத்து நகர்த்தினார்கள். சென்னையின் ஏப்ரல், மே வெயிலில் 57 நாள், சங்கிலியை 400 தடவை எடுத்து எடுத்துப் போட்டார்கள்.

அங்கே ஆரம்பித்ததுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை. அரை டன் எடையுள்ள கோணமானி இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டி, மொரீஷியசுக்குப் போய், அங்கிருந்த ஆளுநர் மரியாதையோடு திருப்பி அனுப்பி வைத்து, பிறகு மதராஸுக்கு வந்து சேர்ந்தது. இங்கிருந்து மேற்குக் கடற்கரை வரை முக்கோணங்களைக் கொண்டுபோனபோது, வரைபடங்களில் நினைத்திருந்ததைவிடத் தீபகற்பம் சுமார் 40 மைல் குறுகலானது என்று தெரியவந்தது. லாம்டன் 1823-ல் வேலையின் நடுவிலேயே மகாராஷ்டிரத்தில் இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட், அந்த அளவை இமயம் வரை போய் ஒரு சிகரத்துக்கு அவர் பெயரும் வந்துவிட்டது. பரங்கிமலை உச்சியில் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. கேமராவோடு மேலே வருபவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டி விமானத்தைப் படம்பிடிக்கப் போய்விடுகிறார்கள். நீங்கள் போனால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். உலகத்தின் மிக உயரமான சிகரத்தை அளந்த கணக்கின் முதல் அடி உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தது.

பட்டாளம் இருந்த இடத்தில் அதைச் சார்ந்த மக்களும் சேர்ந்தார்கள். ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்கள், பிறகு ஆங்கிலோ இந்தியர்கள் என்று சொல்லப்பட்டவர்கள், பெரம்பூரைப் போலவே இங்கேயும் ஒரு கெட்டியான சமூகமாக வாழ்ந்தார்கள். ரயில்வே, தந்தி, பள்ளிக்கூடம், செவிலியர் பணி என்று வேலைகள். 1950-களிலிருந்து நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் போய்விட்டார்கள், மிச்சம் இருக்கிற குடும்பங்களால்தான் இங்கே கிறிஸ்துமஸ் வாரம் இன்னமும் தனிச்சுவையோடு இருக்கிறது. இப்பகுதியின் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குச் சென்னையில் இருக்கும் பெயரும் அந்தக் காலத்துத் தொடர்ச்சிதான்.

1931-ல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் கதை மாறியது. அதுவரை மலைக்கு மெனக்கெட்டு வர வேண்டும், அதற்குப் பிறகு மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு பாரிமுனையில் வேலை பார்க்கலாம். ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர் எல்லாம் பெருகியது இந்த ரயிலால். அதே 1930-களில் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கத் தொடங்கியது, 1932-ல் டாட்டாவின் கராச்சி–பம்பாய்–மதராஸ் தபால் விமானத்துக்கும் கடைசி நிறுத்தம் மதராஸ்தான். மலையுச்சியிலிருந்து ஓடுபாதை இன்று விரித்த பாய்போலத் தெரிவது எல்லோருக்கும் தெரிந்ததே.

அரசியலிலும் இந்தப் பெயருக்கு இடமுண்டு. 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். ராமாவரம் தோட்டத்தில் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது அவர் வேட்பாளராக நின்ற தொகுதி பரங்கிமலை. கழுத்தில் கட்டோடு கைகூப்பும் அந்தப் படம் தமிழ்நாடு முழுக்க ஒட்டப்பட்டது, அவர் பிரசாரத்துக்கே வராமல் ஜெயித்தார். 1971-லும் இங்கேதான் ஜெயித்தார், 1972-ல் தனிக்கட்சி ஆரம்பித்தபோது அவர் பரங்கிமலை சட்டமன்ற உறுப்பினர்.

ஆலந்தூருக்கு ஒரு பெருமை தனியாக உண்டு, அங்கே குடிவந்தவர் என்பதால் சொல்கிறேன். 1990-களின் கடைசியில் நகராட்சியாக இருந்தபோது, பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு அரசுப்பணம் வரும்வரை காத்திருக்காமல், வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களிடமே முன்பணம் வாங்கி, கடனும் தனியார் பங்கும் சேர்த்துச் செய்து முடித்தார்கள். அப்போது நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதி. குழாய் பதிக்கும் முன்பே காசு கொடுத்த அந்த மக்களின் நம்பிக்கையை, பிற்காலத்தில் நகர நிர்வாகம் படிப்பவர்கள் உதாரணமாகப் படித்தார்கள். 2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

கண்டோன்மென்ட் மட்டும் ரொம்ப காலம் தனி வாரியத்தின் கீழேயே இருந்தது. இந்த எல்லைக்கோடுதான் நீங்கள் தெருவில் கண்ணால் பார்க்கும் வித்தியாசத்துக்குக் காரணம். தண்டவாளத்தின் ஒரு பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், சந்தைக்கடை இரைச்சல், ஷேர் ஆட்டோ. இன்னொரு பக்கம் ஆலமரமும் தூங்குமூஞ்சி மரமும் நிழல் கட்டிய அகலமான சாலை, முள்வேலிக்குப் பின்னால் பெரிய மைதானம், காலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் அணிவகுப்புச் சத்தம். 1963-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி அது, 1992-லிருந்து பெண் அதிகாரிகளும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். அங்குள்ள அணிவகுப்பு மைதானத்துக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரன் பெயரை வைத்திருக்கிறார்கள். ராணுவ நிலத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கட்டுப்பாடுகள் அதிகம், ஒரு மாடி எடுப்பதற்கே அலைய வேண்டும் என்று அவர்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால் இந்த மலையைச் சுற்றி இன்று ஒரு மரம் மிஞ்சியிருக்காது. லாம்டனின் கோட்டின் அந்தக் கடைசியில் பெரும்பாக்கம் எப்படி ஆகிவிட்டது என்று பார்த்தால் புரியும், ஏரியும் வயலுமாக இருந்த சமவெளி முழுக்க அடுக்குமாடிகள்.

2008-ல் திறந்த கத்திப்பாரா மேம்பாலமும், 2016-ல் வந்த மெட்ரோவும் இந்த இடத்தை மறுபடியும் எல்லோரும் வந்து மாறிப்போகும் சந்திப்பாக்கிவிட்டன. வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் இங்கே வந்து சேர வேண்டிய பாதைக்கு, ஆதம்பாக்கத்தில் கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. தூண்கள் நின்று ரயில் வராத அந்தக் காலம் முழுக்க இங்கே வீடு வாங்கியவர்களின் பொறுமை பெரிது.

போய்ப் பார்க்க நினைத்தால் காரில் மேலே ஏறிவிடாதீர்கள், படியிலேயே போங்கள், நூற்றுச் சொச்சம் படிகள்தான், வழியில் சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் இருக்கின்றன. காலை ஏழு மணிக்கு வெயில் ஏறுவதற்குள் போனால் கிழக்கே கடலும் தெற்கே திரிசூலமும் தெளிவாகத் தெரியும். முதலில் பீடத்தில் பதித்திருக்கும் அந்தக் கற்சிலுவையைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து லாம்டனைப் பாருங்கள். இறங்கி வரும்போது நேரம் இருந்தால் அடிவாரத்துப் பட்டாளத் தேவாலயம், அது எப்போதும் திறந்திருக்காது, ஞாயிறு ஆராதனை நேரம் நல்லது. டிசம்பர் 18-ஐ ஒட்டிய திருவிழா நாட்களில் போவதானால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே போய்விடுங்கள், ஆலந்தூரிலிருந்து அது சின்ன நடைதான்.